வெல்லம் போடுறோமே, கோலா ஊத்தினா என்ன?

குளிர்பானத்தைச் செடிக்கு ஊற்றலாமா என்று யாராவது கேட்டால், நம் இயக்கத்து நண்பர்கள் பெரும்பாலும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அப்படி நகரக் கூடாது என்பது என் கருத்து. கேட்கிறவர் முட்டாள் இல்லை. அவர் நம்மைப் பார்த்துத்தான் கேட்கிறார். ஜீவாமிர்தத்துக்கு வெல்லம் போடுகிறோம். பஞ்சகவ்யத்துக்குக் கரும்புச் சாறும் இளநீரும் ஊற்றுகிறோம். மீன் அமிலத்துக்கு மீனும் வெல்லமும் சரிக்குச் சரி. இத்தனை இனிப்பை மண்ணுக்குக் கொடுக்கிறவர்கள், பாட்டிலில் வரும் இனிப்பை மட்டும் ஏன் வேண்டாம் என்கிறோம்?

"அது கம்பெனிக்காரன் சரக்கு" என்று சொன்னால் பதில் ஆகாது. 2017இல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தைத் தொடர்ந்து, மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்கமாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது கை தட்டியவன்தான் நானும். ஆனால் கம்பெனி எதிர்ப்பு வேறு, வேர் எப்படித் தண்ணீர் குடிக்கிறது என்பது வேறு. முதலாவதைச் சொல்லி இரண்டாவதைத் தட்டிக் கழித்தால், புதிதாக இயற்கை வேளாண்மைக்கு வருகிற பிள்ளைகள் நம்மை நம்பமாட்டார்கள்.

என்னிடம் இந்தக் கேள்வி கல்வராயன் மலையிலிருந்து வந்தது. வெள்ளிமலைப் பக்கம் சாமையும் கேழ்வரகும் போட்டு, கால் ஏக்கரில் மரவள்ளியும் வைத்திருக்கும் ஓர் இளைஞர். ரசாயன உரத்தை விட்டு இது ரெண்டாவது வருஷம். மகசூல் இறங்கி, வீட்டில் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிற வருஷம். கீழே மளிகைக் கடை வைத்திருக்கும் அவருடைய சொந்தக்காரர், தேதி முடிந்துபோன கோலா பன்னிரண்டு பெட்டியை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். "வெல்லம் வாங்கி மலைக்கு ஏத்துறது லேசு இல்ல சார். வழியில நிறுத்தி எதுக்குன்னு கேக்கிறாங்க. இது சும்மா வருது. மரவள்ளிக்குச் செடிக்கு அரை லிட்டர்னு ஊத்திடலாமா?" என்றார்.

வெல்லத்தைப் பற்றி அவர் சொன்னது உண்மைதான். கேட்கிறவர்களையும் குறை சொல்ல முடியாது, மலையில் சாராய ஊறல் போடுவதும் இதே வெல்லத்தில்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது மெத்தனால். அதில் வெல்லத்துக்கு வேலை இல்லை. ஆனாலும் மலையேறுகிற வெல்ல மூட்டையை உழவனின் மூட்டையாகப் பார்க்கிற கண் இன்னும் யாருக்கும் வரவில்லை. இயற்கை விவசாயம் செய்யச் சொல்லித் திட்டம் போடுகிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம். அது தனிக் கட்டுரைக்கான சங்கதி.

முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் பயிர்க்கடன் விண்ணப்பங்களைப் பார்த்தவன் நான். "சும்மா வருது" என்ற வார்த்தை காதில் விழுந்தால் பேரேட்டைத் திறக்கத் தோன்றும். திறந்து பார்ப்போம்.

பெட்டிக்கு 600 மில்லி பாட்டில் இருபத்து நாலு. பன்னிரண்டு பெட்டியில் ஏறத்தாழ 172 லிட்டர். சாதாரண கோலாவில் 100 மில்லிக்குப் பத்து, பதினோரு கிராம் சர்க்கரை. பாட்டில் லேபிளிலேயே அச்சடித்திருப்பார்கள், படித்துப் பாருங்கள். ஆக மொத்தம் 18 கிலோ சர்க்கரை. செடிக்கு அரை லிட்டர் என்றால், ஒவ்வொரு தூரிலும் 50 கிராம் சர்க்கரையைக் கரைத்து ஊற்றுகிறோம். இந்த 50 கிராமுக்குச் செடி என்ன செய்யும்?

செடிக்குச் சர்க்கரை வாங்கிக் கொடுக்க வேண்டியதே இல்லை. வெயிலையும் காற்றையும் தண்ணீரையும் வைத்து இலை சமைப்பதே சர்க்கரைதான். நம்ம மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கும் கச்சிராயபாளையம் ஆலைக்கும் வண்டி வண்டியாகப் போகும் கரும்பு, மண்ணிலிருந்து ஒரு சிட்டிகை சர்க்கரையைக்கூட உறிஞ்சியதில்லை. சொல்லப்போனால் வேலை தலைகீழாக நடக்கிறது. இலை சமைத்ததில் ஒரு பங்கை வேர் மண்ணில் கசியவிட்டு நுண்ணுயிர்களுக்குச் சோறு போடுகிறது. பதிலுக்கு அவை மணிச்சத்தையும் நுண்ணூட்டத்தையும் கரைத்துக் கொடுக்கின்றன. அன்றாடம், அளவாக, வேருக்குப் பக்கத்திலேயே நடக்கிற கொடுக்கல் வாங்கல்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் மனிதன் செடிக்குச் சர்க்கரை ஊட்டுகிறான். டிஷ்யூ கல்ச்சர் வாழைக் கன்று வாங்கியவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆய்வுக்கூடத்து பாட்டிலுக்குள் அந்தத் துளிர் இருக்கும்போது அதன் ஊட்டக் கூழில் லிட்டருக்கு 30 கிராம் அளவில் சர்க்கரை சேர்க்கிறார்கள். முராசிகே, ஸ்கூக் என்ற இருவர் 1962இல் வெளியிட்ட கலவைதான் இன்றும் பெரும்பாலும் புழக்கத்தில் இருக்கிறது. அந்தக் குருத்து தானே சமைக்கத் தெம்பில்லாதது, அதனால் ஊட்டுகிறார்கள். ஆனால் அங்கே ஒரு பூஞ்சை விதை உள்ளே நுழைந்தால் பாட்டிலே பாழ். சர்க்கரை இருக்கிற இடத்தில் செடியை முந்திக்கொண்டு யார் சாப்பிடுவார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. நம்ம வயல் கிருமி நீக்கிய பாட்டில் இல்லையே.

அப்படியானால் அந்த 50 கிராம் என்ன செய்கிறது? முதல் கோளாறு தண்ணீரிலேயே தொடங்குகிறது. மாங்காய்த் துண்டில் உப்பைத் தூவினால் தண்ணீர் விட்டுக்கொள்ளும், பார்த்திருப்பீர்கள். சர்க்கரையும் அப்படித்தான் இழுக்கும். பத்து சதவீதச் சர்க்கரைக் கரைசல் தண்ணீரை இழுத்துப் பிடிக்கிற விசை 7 பாருக்கு மேல். கோலாவின் புளிப்பில் அந்தச் சர்க்கரை குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் உடைந்துவிட்டால் ஏறத்தாழ இரண்டு மடங்கு, அதாவது 15 பார். மண் தன் ஈரத்தை 15 பார் விசையில் பிடித்துக்கொண்டால் பயிர் நிரந்தர வாடல் நிலைக்குப் போகும் என்று வேளாண் புத்தகங்கள் கணக்கு வைத்திருக்கின்றன. ஆக, கண்ணுக்கு ஈரம் இருக்கும், வேருக்குப் பஞ்சமாக இருக்கும். உப்புத் தண்ணீர் பாய்ந்த வயலில் பயிர் நிற்குமே, அந்தக் கோலம். மண்ணில் ஏற்கெனவே ஈரம் இருந்தால் கரைசல் நீர்த்துப்போய்த் தப்பிக்கலாம். காய்ந்த தொட்டியில் தினமும் ஊற்றினால் தப்பிக்காது.

இரண்டாவது, தழைச்சத்துக் கடன். இதுதான் பெரிய விஷயம், வங்கிக்காரன் என்பதால் சொல்லவில்லை. சர்க்கரையில் கரிமம் உண்டு, தழைச்சத்து துளியும் கிடையாது. அதைச் சாப்பிட்டுப் பெருகும் நுண்ணுயிர்களுக்குத் தங்கள் உடம்பைக் கட்டத் தழைச்சத்து வேண்டும். எங்கே போகும்? மண்ணிலிருந்து எடுக்கும். ஒரு கிலோ சர்க்கரையைத் தின்று முடிக்க ஏறத்தாழ 20 கிராம் தழைச்சத்தை நுண்ணுயிர்கள் கட்டிப்போடும் என்பது தோராயக் கணக்கு. ஒரு தூரின் 50 கிராமுக்கு ஒரு கிராம். அரை லிட்டர் நனைக்கிற ரெண்டு மூணு கிலோ மண்ணில், வேர் உடனே எடுக்கிற நிலையில் இருக்கும் தழைச்சத்து ஒரு கிராமில் ஒரு சிறு பங்குதான். கணக்கில் இருப்பதைவிடப் பல மடங்கு பணத்தை ஒரே நாளில் எடுக்கிற மாதிரி. நுண்ணுயிர்கள் செத்து மக்கும்போது அந்தத் தழைச்சத்து திரும்ப வரும், இல்லை என்று சொல்லவில்லை. வாரக்கணக்கில் ஆகும். அதுவரை பயிர் மஞ்சளாக நிற்கும். இலை வெளுத்ததும் நம்ம ஆள் என்ன செய்வார்? "இன்னும் கொஞ்சம் ஊத்துவோம்" என்பார்.

மூன்றாவது மூச்சு. சர்க்கரையைத் தின்னும் நுண்ணுயிர் மண்ணில் இருக்கும் காற்றையும் தின்னும். இறுகிய மண்ணாக இருந்தால் காற்று தீர்ந்து புளிக்க ஆரம்பிக்கும், புளித்த கள் வாடை வரும். சின்னசேலத்திலிருந்து ஆத்தூர் வரை சேகோ ஆலைகள் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மரவள்ளி மாவு கழுவிய தண்ணீர் தேங்கிய ஓடையின் நாற்றத்தை ஒருதரம் முகர்ந்தால் போதும். மாவும் சர்க்கரையும் அண்ணன் தம்பி. மக்குவதற்கு எளிதான எதையும் மண்ணில் ஒரே இடத்தில் குவித்தால் வேருக்கு மூச்சு முட்டும்.

மீதியைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். கோலாவின் பி.எச். 2.5 அளவில். கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் வயல் மண் அதைத் தாங்கிக்கொள்ளும், தொட்டி மண்தான் தாங்காது. "பாஸ்பாரிக் அமிலம் இருக்கே, மணிச்சத்து தானே" என்பார்கள். லிட்டருக்கு 170 மில்லிகிராம் அளவில் பாஸ்பரஸ் இருக்கிறது. ஒரு கிலோ பாஸ்பரஸ் சேர 6,000 லிட்டர் கோலா வேண்டும், கூடவே 600 கிலோ சர்க்கரையும் வந்து சேரும்! கேஃபின் முளைவிடும் விதையின் வேரை ஒடுக்கக் கூடியது. கெட்டுப்போகாமலிருக்கச் சேர்க்கும் பதப்படுத்திகள் சில பானங்களில் உண்டு. நுண்ணுயிரை வளரவிடாமல் தடுக்கப் போட்டதை, நுண்ணுயிர் பெருகட்டும் என்று மண்ணில் ஊற்றுவது என்ன கணக்கோ. சோடாவின் வாயு செடிக்கு நல்லது என்று சொல்வோரும் உண்டு. செடி கரியமில வாயுவை இலை வழியாக எடுக்கிறது, தூரில் ஊற்றிய சோடாவின் வாயு நாம் பாட்டிலைக் கீழே வைப்பதற்குள் காற்றோடு போய்விடும்.

சரி, நம்ம வெல்லத்துக்கு வருவோம். ஒரு ஏக்கர் ஜீவாமிர்தம்: 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, வரப்பு மண் ஒரு கைப்பிடி. பாலேக்கர் சொல்லிக்கொடுத்து நாம் எல்லோரும் செய்வது. இதில் வெல்லம் நுண்ணுயிர் பெருக விறகு. சாணமும் கோமியமும் பயறு மாவும் தழைச்சத்தைக் கொண்டுவருகின்றன. மூன்றும் சேர்ந்து 150 கிராமுக்கு மேல் தேறும் என்பது என் கணக்கு. ரெண்டு கிலோ வெல்லம் கேட்பது 40 கிராம். வரவு அதிகம், செலவு குறைவு, மண்ணிடம் கடன் கேட்க வேண்டியதில்லை. ரெண்டு நாள் காலையும் மாலையும் கலக்கிவிடுவதில் பெரும்பகுதி இனிப்பு பீப்பாயிலேயே செரித்துவிடும். கலக்காமல் இறுக மூடி வைத்துப் பாருங்கள், மலையில் போடுகிறார்களே, அந்த ஊறலின் வாடைதான் வரும். மீதியை ஒரு அங்குலப் பாசனத்தோடு விட்டால் ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர். அதில் 2 கிலோ வெல்லம் என்றால் லிட்டருக்கு 20 மில்லிகிராம். கோலாவில் லிட்டருக்கு ஒரு லட்சம் மில்லிகிராமுக்கு மேல். ஐயாயிரம் மடங்கு வித்தியாசம். இரண்டையும் "இனிப்பு" என்று ஒரே பெயரில் கூப்பிடுவது, ஆயிரம் ரூபாய்க் கடனையும் அரைக்கோடிக் கடனையும் ஒரே வரியில் எழுதுவது போல.

இந்தக் கணக்கு நமக்கும் பொருந்தும். நம்மிலேயே சிலர் "ரெண்டு கிலோவுக்குப் பதில் அஞ்சு கிலோ போட்டேன், நுரை பொங்குது பாருங்க" என்று பெருமைப்படுகிறார்கள். கோமியம் கிடைக்காத மாதத்தில் வெல்லத்தைக் கூட்டி ஈடுகட்டுகிறவர்களும் உண்டு. நுரை பொங்குவது பயிருக்கு வரும் வரவு இல்லை. தழைச்சத்தைக் குறைத்து இனிப்பைக் கூட்டினால் கோலாவை நோக்கித்தான் நடக்கிறோம், சாணி வாசனையோடு. நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொல்லித்தந்த அமுதக் கரைசலில் ஒரு கிலோ சாணத்துக்கும் ஒரு லிட்டர் கோமியத்துக்கும் கால் கிலோ வெல்லம்தான். அந்தக் கையளவுக்குக் காரணம் இருக்கிறது.

"ஆனா ஆந்திராவுல கோக் அடிச்சுப் பூச்சி போச்சுன்னு பேப்பர்லயே வந்துச்சே" என்று பெரியவர் ஒருவர் ஒரு கூட்டத்தில் கேட்டார். வந்தது உண்மை. 2004ஆம் ஆண்டு கடைசியில். சத்தீஸ்கரில் துர்க், ராஜ்நந்த்காவ் பகுதிகளில் நெல்லுக்கும், ஆந்திராவில் குண்டூர் பக்கம் பருத்திக்கும் பெப்சியும் கோக்கும் தெளித்தார்கள். பூச்சிமருந்தைவிட மலிவு, பலன் தெரிகிறது என்றார்கள். அதற்கு முந்தைய வருஷம், 2003 ஆகஸ்டில், டெல்லியில் சுனிதா நாராயண் தலைமையிலான அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 12 குளிர்பானங்களைச் சோதித்து அவற்றில் பூச்சிமருந்து எச்சம் இருப்பதாக வெளியிட்டிருந்தது. 2004இல் நாடாளுமன்றக் கூட்டுக்குழுவும் அதை உறுதி செய்தது. "பானத்துலயே மருந்து இருக்கு, அதான் பூச்சி சாகுது" என்று ஊரெல்லாம் கேலி. நல்ல கேலிதான், ஆனால் விளக்கம் அது இல்லை. எச்சம் இருந்தது நூறு கோடியில் சில பங்கு என்ற அளவில். மனிதன் காலமெல்லாம் குடிக்கக் கூடாத அளவு, புழுவைக் கொல்லப் போதாத அளவு. வேளாண் கொள்கை ஆய்வாளர் தேவிந்தர் சர்மா அப்போதே காரணம் சொன்னார்: சர்க்கரைப் பாகுக்குச் சிவப்பெறும்பு வரும், வந்த எறும்பு புழுவைத் தின்னும். வெல்லத் தண்ணீரில் காலங்காலமாக நடப்பதைத்தான் பாட்டிலில் வாங்கித் தெளித்தார்கள். விஞ்ஞான அடிப்படை இல்லை என்று கம்பெனிகளே மறுத்தன.

அந்த எறும்புத் தந்திரத்தை அப்படியே கல்வராயன் மலை மரவள்ளிக்குக் கொண்டுவர முடியாது. நமக்கு இன்று வந்திருக்கிற வினை மாவுப்பூச்சி. 2020இல் கேரளத்தில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, சேலம், நாமக்கல் கடந்து நம்ம பக்கமும் பரவியது. அதை அடக்க பெனின் நாட்டிலிருந்து அனாகைரஸ் லோபெசி என்ற சின்னஞ்சிறு குளவியைத் தருவித்து, 2022இல் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தின் வழியாக வயல்களில் விட்டார்கள். மாவுப்பூச்சி கழிக்கும் தேனுக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், முட்டையிட வரும் குளவியை விரட்டும். புழுவைத் தின்ன எறும்பை அழைக்கிற இடத்தில் இனிப்பு தெளிப்பது ஒரு கணக்கு. மாவுப்பூச்சி இருக்கிற செடியில் எறும்புக்கு விருந்து வைப்பது வேறு கணக்கு. போதாததற்கு, இலையில் காய்ந்த பாகின் மேல் கரும்பூசணம் படியும், வெயில் இலைக்குள் போகாது. அந்தத் தம்பியிடம் நான் அழுத்திச் சொன்னது இதைத்தான். பெட்டிகளைக் கடைக்கே திருப்பி அனுப்பிவிட்டார். சொந்தக்காரருக்குக் கொஞ்சம் வருத்தம்.

பழச்சாறு என்றால் பரவாயில்லையா என்று கேட்பீர்கள். எந்தச் சாறு, எவ்வளவு நீர்த்தது என்று பார்க்க வேண்டும். கடையில் விற்கும் டப்பா ஜூஸும் கோலாவும் சர்க்கரை அளவில் ஏறக்குறைய ஒன்றுதான். எலுமிச்சை, ஆரஞ்சுச் சாற்றில் புளிப்பும் கூட. இளநீர் மட்டும் வேறு சாதி. அதில் இனிப்பு பாதிக்கும் குறைவு, சாம்பல்சத்து நிறைய, செல்களைப் பிரியத் தூண்டும் சைட்டோகைனின் என்ற வளர்ச்சிப் பொருளும் உண்டு. 1941இல் வான் ஓவர்பீக் என்ற ஆய்வாளர் ஊமத்தையின் இளங்கருவை வளர்க்கத் தேங்காய்த் தண்ணீரைப் பயன்படுத்தினார். கொடுமுடி டாக்டர் நடராஜன் பஞ்சகவ்யத்தில் இளநீரைச் சேர்த்ததில் இந்த நியாயம் இருக்கிறது. அதையும் நாம் நூற்றுக்கு மூன்று என்று நீர்த்துத்தான் தெளிக்கிறோம். பூச்சாடியில் கொஞ்சம் எலுமிச்சை சோடா ஊற்றினால் ரோஜா வாடாமல் நிற்கும் என்கிறார்களே, அதுவும் பொய்யில்லை. அறுத்த பூவுக்கு வேரும் இல்லை, சமைக்க இலையும் போதாது, அதனால் கொஞ்சம் சர்க்கரையும் புளிப்பும் அதற்கு உதவும். செத்துக்கொண்டிருக்கும் பூவுக்குக் கொடுக்கிற கஞ்சியை உழைக்கிற செடிக்குக் கொடுக்கச் சொல்கிறார்கள். குழப்பம் அங்கேயிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

"சும்மா வருது" என்ற பேச்சுக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. பொள்ளாச்சியைத் தாண்டி எல்லைக்கு அந்தப் பக்கம், பாலக்காடு மாவட்டத்தில் பிளாச்சிமடா. 2000இல் அங்கே கோகோ கோலா ஆலை ஓடத் தொடங்கியது. கிணறுகள் வற்றின, மிச்சத் தண்ணீர் சமைக்கவும் குடிக்கவும் ஆகாமல் போனது. பழங்குடி மக்கள் 2002 ஏப்ரலில் ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். மயிலம்மா என்ற பழங்குடிப் பெண் அந்தப் போராட்டத்தின் முகம். எல்லோரும் தண்ணீரைப் பற்றிப் பேசுவார்கள், சேற்றைப் பற்றிப் பேசுவது குறைவு. ஆலையின் கழிவுச் சேற்றைச் சுற்றுவட்டார உழவர்களுக்கு உரம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். 2003இல் பிபிசி வானொலிக்காரர்கள் அதில் மாதிரி எடுத்து பிரிட்டனில் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது காட்மியமும் ஈயமும் இருந்தன. கம்பெனி ஆபத்தில்லை என்றது. கேரள மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதை உரமாகக் கொடுப்பதை நிறுத்தச் சொன்னது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2010இல் கேரள அரசின் உயர்நிலைக் குழு, நடந்த சேதத்தை 216 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. காட்மியம் மண்ணில் ஏறினால் அந்த உழவரின் பேரன் காலத்திலும் இறங்காது.

தேதி முடிந்த கோலாவில் காட்மியம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இலவசமாக வாசலுக்கு வரும் எதையும் உரம் என்று எடுத்துக்கொள்ளும் முன் மூன்று கேள்வி கேளுங்கள் என்கிறேன்: எதிலிருந்து வருகிறது, அதில் தழைச்சத்து எவ்வளவு, கொடுக்கிறவர் அதைக் கொட்ட வேறு இடம் இல்லாமல் கொடுக்கிறாரா? நம்ம ஊரில் சர்க்கரை ஆலைக் கழிவு, அதாவது பிரஸ்மட், மக்கவைத்தால் அருமையான உரம். மரவள்ளித் திப்பிக்கும் சாணத்தோடு சேர்ந்தால் உபயோகம் உண்டு. அவற்றையும் மண் பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு கிலோ அனுப்பிவிட்டுப் போடுவதே முறை. அங்கக சான்றுக்குப் பதிந்தவர்களுக்கு இன்னொரு வில்லங்கம், வெளியிலிருந்து வந்த ஒவ்வொரு இடுபொருளையும் பதிவேட்டில் எழுத வேண்டும். "கோலா, 172 லிட்டர்" என்று எழுதிவிட்டு ஆய்வாளர் முன் எப்படி உட்காருவீர்கள்?

நான் சொல்வதையும் நம்ப வேண்டாம், செய்து பாருங்கள். பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகப் பிள்ளைகள் இதைச் செய்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் ஒரு தொட்டியில் கோலா, ஒரு தொட்டியில் தண்ணீர் என்று முடித்துவிடுகிறார்கள். அதில் செடி வாடியது சர்க்கரையாலா, புளிப்பாலா, கேஃபினாலா என்று தெரியாது. பதினைந்து தொட்டி எடுங்கள், ஒவ்வொரு வகைக்கும் மூன்று. ஒரே மண், ஒரே அளவு. விதை மக்காச்சோளம் அல்லது கேழ்வரகாக இருக்கட்டும், பயறு வேண்டாம், வேர்முடிச்சால் தழைச்சத்தைத் தானே தேடிக்கொண்டு நம் கணக்கைக் குழப்பும். முளைத்து நாலு இலை விட்ட பிறகு தொடங்குங்கள். முதல் மூன்றுக்குத் தண்ணீர். அடுத்த மூன்றுக்குக் கோலா, மூடியைத் திறந்து ஒரு நாள் வைத்து வாயு போன பிறகு. அடுத்த மூன்றுக்கு லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை கரைத்த தண்ணீர். நான்காவது வகைக்கு நூறு மடங்கு நீர்த்த கோலா. ஐந்தாவதுக்கு ஜீவாமிர்தம், பத்து மடங்கு நீர்த்து. எல்லாத் தொட்டிக்கும் ஒரே நாளில், ஒரே அளவு, வாரம் இரண்டு முறை. நடுவில் தேவைப்பட்டால் எல்லாவற்றுக்கும் வெறும் தண்ணீர். மூன்று வாரம் கழித்து உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள். செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள், மண்ணை முகர்ந்து பாருங்கள், கீழிலை எந்தத் தேதியில் வெளுத்தது என்று எழுதி வையுங்கள். இரண்டாவது வகையும் மூன்றாவது வகையும் ஒரே மாதிரி வாடினால் குற்றவாளி சர்க்கரை. நான்காவது வகை தண்ணீர் ஊற்றிய தொட்டியோடு சமமாக நின்றால், நூறு மடங்கு நீர்த்த கோலாவுக்கு நீங்கள் கொடுத்த காசு தண்ணீருக்குக் கொடுத்த காசு. முடிவை நம் இதழுக்கு எழுதுங்கள், என் கணக்குக்கு எதிராக வந்தாலும் எழுதுங்கள். தொட்டிகளுக்கு அடியில் தட்டு வைத்து அதில் தண்ணீர் நிரப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் நாளே எறும்பு வந்துவிடும்.